செருப்பு விடும் இடத்தில் ஒரு நிமிடம்!

திருத்தணி மலையடிவாரம். சரவணப் பொய்கைப் பக்கம் வந்து நின்றால் பூ வாசனை, கற்பூர வாசனை எல்லாம் மூக்குக்கு வருவதற்கு முன்னாலேயே கண்ணில் படுவது ஒன்று உண்டு. செருப்புகள்! ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, ஹீல்ஸ், பிளாஸ்டிக் ஷூ, குழந்தையின் ‘கீச் கீச்’ செருப்பு என்று எல்லாம் கலந்து கிடக்கும். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்பதால் “செருப்பை எங்க விட்ட?” என்ற குரலும், “செப்புலு எக்கட?” என்ற குரலும் சேர்ந்தே கேட்கும். ஆடிக் கிருத்திகை நாளிலும் டிசம்பர் 31 படித் திருவிழா இரவிலும் தன் ஜோடியைத் தானே கண்டுபிடித்து எடுப்பது சாதாரண விஷயமல்ல.

சாமி கும்பிட வந்தவர்கள் யாரும் அந்தக் குவியலை உற்றுப் பார்ப்பதில்லை. பார்த்தால், ஆளைப் பார்க்காமலே அவர் எப்படி நிற்கிறார் என்று பாதி சொல்லிவிடலாம். இதோ, ஒரு ஜோடியில் குதிகாலின் வெளி ஓரம் மட்டும் லேசாகத் தேய்ந்திருக்கிறது. அது பெரும்பாலானோருக்கு உள்ளதுதான், கவலையில்லை. பக்கத்து ஜோடியில் உள் ஓரம் கரைந்து, செருப்பே உள்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. நிற்கும்போது அவருடைய பாதம் உள்பக்கமாகச் சரிகிறது என்று அர்த்தம். இன்னொன்றில் வலது கால் செருப்பு காகிதமாகிவிட்டது, இடது புதுசு போல இருக்கிறது. உடம்பின் பாரத்தை எப்போதும் ஒரே காலில் போட்டு நிற்பவராக இருக்கலாம், ஒரு கால் கொஞ்சம் குட்டையாக இருக்கலாம், ஒரு பக்க மூட்டு வலியாகவும் இருக்கலாம். ஜாதகத்தைவிடச் செருப்பின் அடிப்பாகம் நிறையப் பேசும்!

அந்த இடத்தில் ஆடி மாதம் காது கொடுத்தால் இப்படி ஒரு பேச்சு எப்படியும் விழும்.

“ஆயா, பஸ்லயே மேல போயிடலாம், வா.”

“இல்ல கண்ணு, நடந்தே வரேன்னு முருகனுக்கு வேண்டியிருக்கேன்.”

“மணி பதினொண்ணு ஆவுது. கல்லு சுடுமே?”

“சுட்டாத் தெரிஞ்சாத்தானே! ரெண்டு வருஷமா காலு மதமதன்னுதான் கெடக்குது. நீ வா.”

பேரன் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துக்கொள்வான். ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல அது. ‘கால் மதமதன்னு கெடக்கு’ என்ற அந்த ஒரு வரிக்குள் இரண்டு ஆபத்து இருக்கிறது. ஒன்று, பாதம் வெந்தாலும் தெரியாது. மற்றொன்று யாரும் யோசிக்காதது: அந்தக் கால் ஆயாவை நிமிர்த்தி நிறுத்தும் வேலையையும் சரியாகச் செய்யாது.

சும்மா நிற்பது சும்மாவா?

‘சும்மாதானே நிக்கிறே’ என்று சொல்கிறோம். உடம்பைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். இரண்டு சின்னப் பாதங்களின் மேல் ஒரு முழு உடம்பைச் செங்குத்தாக நிறுத்துவது, கம்பு நுனியில் தட்டை நிறுத்துகிற வித்தைக்குச் சமம். நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடம்பு முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

காரணம் எளிது. உடம்பின் எடை இறங்கும் கோடு கணுக்கால் மூட்டின் நடுவில் விழுவதில்லை. அதற்குச் சில சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது. அதாவது, நிற்கும் ஒவ்வொரு நொடியும் நாம் முன்னால் விழுந்துகொண்டிருக்கிறோம். பின்னங்கால் ஆடுசதை நம்மைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. இந்த இழுபறிக்குச் செய்தி கொடுப்பவர்கள் மூன்று பேர்: கண், உள்காது, பாதம். பாதம் என்றால் அதன் அடித்தோலும், கணுக்கால் மூட்டும், சுற்றியுள்ள தசைகளும். ‘இப்போது பாரம் பெருவிரல் பக்கம் போகிறது, இப்போது குதிகாலுக்குத் திரும்புகிறது’ என்று அடித்தோல் விடாமல் மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

மூவரில் ஒருவர் விடுப்பு எடுத்தால் மற்ற இருவர் சமாளிப்பார்கள். இருட்டில் கண் இல்லை. சர்க்கரையில் பாதம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, விளக்குப் போடாமல், மரத்துப்போன காலோடு பாத்ரூமுக்கு எழுந்திருக்கும் பெரியவருக்கு மிச்சமிருப்பது உள்காது ஒன்றுதான். அதுவும் வயதானது!

செருப்பு வருவது இந்த இடத்தில்தான். பூமிக்கும் பாதத்துக்கும் நடுவில் நாம் வைக்கும் ஒரு தடுப்பு அது. நல்ல தடுப்பு முள்ளையும் சூட்டையும் நிறுத்திவிட்டு, சேதியை மட்டும் உள்ளே விடும். கெட்ட தடுப்பு சேதியையும் சேர்த்து நிறுத்திவிடும்.

மெத்தென்று இருந்தால் நல்லதா?

கடையில் செருப்பு வாங்கும்போது நாம் செய்யும் முதல் காரியம் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது. “நல்லா மெத்துன்னு இருக்குப்பா, இதையே குடு.” அங்கேயே கொஞ்சம் சறுக்கிவிடுகிறோம்.

கனடாவின் மான்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் 1992-ல் வயதான ஆண்களை வெவ்வேறு அடிப்பாகம் கொண்ட ஷூக்களோடு குறுகலான ஒரு கட்டையின் மேல் நடக்கவைத்துப் பார்த்தார்கள். மெல்லியதும் கெட்டியானதுமான அடிப்பாகம் போட்டபோது அவர்கள் நிலையாக நடந்தார்கள். தடிமனும் மென்மையும் சேர்ந்ததைப் போட்டபோது அதிகம் தடுமாறினார்கள். வேடிக்கை என்னவென்றால், ‘எது வசதி?’ என்று கேட்டபோது அவர்களுக்குப் பிடித்தது மென்மையானதுதான். காலுக்குச் சுகம் என்பதும் காலுக்கு நிலை என்பதும் ஒன்றல்ல.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சுவரையோ மேஜையையோ தொட்டபடி தரையில் வெறுங்காலோடு கண்ணை மூடி நில்லுங்கள். பிறகு ஒரு பஞ்சுத் தலையணையின் மேல் ஏறி அதேபோல நில்லுங்கள். கணுக்கால் எப்படி ஆடுகிறது பாருங்கள்! கடற்பஞ்சு போன்ற தடித்த அடிப்பாகம் கொண்ட செருப்பில் நாள் முழுக்க நிற்பது கிட்டத்தட்ட அந்தத் தலையணை மேல் நிற்பதுதான். இருபது வயதில் தெரியாது. அறுபதில் தெரியும். (பெரியவர்கள் இந்தச் சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டாம், பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.)

ஹீல்ஸ் விவகாரம் வேறு. வெறுங்காலோடு நேராக நிற்கும்போது எடையில் சுமார் 60 சதவீதம் குதிகாலில்தான் இறங்குகிறது. குதிகால் எலும்பும் அதற்கேற்பத் தடிமனானது. குதிகாலை 5 சென்டிமீட்டர் தூக்கினால் எடை விரல்களின் அடிப்பக்கத்துக்கு ஓடுகிறது. எவ்வளவு உயரமோ அவ்வளவு அதிகம். உடம்பு ஒரு கட்டையாக இருந்தால் அந்த உயரத்துக்கு முன்பக்கமாக நன்றாகவே சாய்ந்துவிடும். நாம் சாய்வதில்லை. ஏன்? கணுக்கால், முட்டி, இடுப்பு, முதுகு என்று ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கணக்கைச் சரிக்கட்டுகிறது. ‘ஹீல்ஸ் போட்டால் இடுப்பு உள்வளைந்து முதுகுவலி வரும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். அளந்து பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் அப்படி ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு வளைவு கூடுகிறது, சிலருக்குக் குறைகிறது, பலருக்கு மாற்றமே இல்லை. ஆனால் வருடக்கணக்கில் தினமும் ஹீல்ஸ் போடுபவர்களின் ஆடுசதை நார் குட்டையாகி, குதிகால் மேலுள்ள தசைநாண் விறைத்துப்போவது அளந்து அறியப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் திடீரென்று ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு 365 படி ஏறினால் ராத்திரி ஆடுசதை இழுத்துப் பிடிப்பதில் ஆச்சரியமில்லை.

ஹீல்ஸ் முதலில் ஆண்களுடையது, தெரியுமா? குதிரையின் அங்கவடியில் கால் நழுவாமல் இருக்கப் பாரசீக வீரர்கள் போட்ட உயரக் குதிகால்தான் ஐரோப்பாவுக்குப் போய், பதினான்காம் லூயி மன்னரின் காலில் சிவப்பாக ஏறியது. அது குதிரை மேல் உட்காரப் பிறந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க அல்ல!

நம் வீட்டு ஹவாய் செருப்பையும் விட்டுவிட முடியாது. மலிவு, கழுவலாம், ஈரத்தில் கெடாது. எல்லாம் சரி. ஆனால் பின்னால் வார் இல்லாததால் அது விழாமல் இருக்க விரல்கள் சதா கவ்விக்கொண்டே இருக்க வேண்டும். மரத்த விரல் கவ்வாது. செருப்பு நழுவியதும் தெரியாது. ‘செருப்பு எங்கேயோ விழுந்துடுச்சு, தெரியவே இல்ல’ என்று ஒரு சர்க்கரை நோயாளி சொன்னால் அது மறதியல்ல. டாக்டரிடம் காட்ட வேண்டிய அறிகுறி. அடியில் வரி தேய்ந்து வழுவழுப்பான ஹவாய், ஈர டைல்ஸில் சறுக்குப் பலகைதான். வீட்டில் பழசானதை ‘பாத்ரூமுக்கு ஆகும்’ என்று ஒதுக்கிவைப்போமே, அதைவிடத் தப்பான கணக்கு வேறில்லை. நல்ல பிடிமானம் உள்ள செருப்பு தேவைப்படும் இடமே பாத்ரூம்தான்!

விழுந்தால் புத்தூர்தானே?

திருத்தணிப் பக்கம் யாராவது விழுந்தால் முதலில் வாயில் வருவது ‘புத்தூர் கட்டு’. நகரியைத் தாண்டினால் புத்தூர். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் பரம்பரை வைத்தியத்துக்குப் பேர்போன ஊர் அது. அந்தப் பெயரில் தமிழ்நாடு முழுக்கப் பலகைகள் தொங்குகின்றன. ஆனால் வயதானவர்கள் விழும்போது அடிக்கடி உடையும் இடங்களில் ஒன்று தொடை எலும்பின் கழுத்துப் பகுதி. இடுப்பு மூட்டுக்குள் இருக்கும் அந்த முறிவு மூங்கில் பத்தை கட்டிக் கூடுவதல்ல. பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். தாமதித்துப் படுக்கையில் போட்டால் படுக்கைப் புண், நுரையீரல் சளி, ரத்தக் கட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ‘நல்லாத்தான் இருந்தாரு, கீழ விழுந்தாரு, அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல’ என்று ஊரில் கேட்கும் கதைகள் பலவற்றின் உள்விவரம் இதுதான். விழுந்த பெரியவர் காலை ஊன்ற முடியாமல், பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் அவரைக் கட்டு கட்டும் இடத்துக்கல்ல, எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2004-ல் வெளியானது. வெறுங்காலோடும் வெறும் காலுறையோடும் இருந்தவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள்; கட்டிப் போடும் விளையாட்டு ஷூ போட்டவர்கள் குறைவாக விழுந்தார்கள். இதை அப்படியே நம் ஊருக்குத் தூக்கிவர முடியாது. அங்கே வாழ்நாள் முழுக்க ஷூவுக்குள் இருந்த கால். இங்கே வாழ்நாள் முழுக்க வீட்டில் வெறுங்காலாக இருந்த கால். ஆயாவுக்கு வீட்டுக்குள் ஷூ மாட்டிவிட்டால் அவர் அதில் தடுக்கியே விழுவார்! ஆனால் வழுவழுப்பான டைல்ஸ் வந்தபின் நம் வீடுகளும் மாறிவிட்டன. சாணி மெழுகிய தரையில் பழகிய காலுக்கு, தண்ணீர் சிந்திய டைல்ஸ் புது எதிரி. பின்வார் வைத்த, அடியில் வரியுள்ள, எடை குறைந்த வீட்டுச் செருப்பு ஒன்று 60 வயதுக்கு மேல் தேவை. வெறும் காலுறையோடு டைல்ஸில் நடப்பது மட்டும் எந்த ஊருக்கும் ஆகாது.

வெறுங்காலின் பக்கமும் நியாயம்

சரி, குழந்தைகள்? இதில் உலகமே மேற்கோள் காட்டுகிற ஆய்வு நம் தென்னிந்தியாவில் நடந்தது. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் எலும்பு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை எடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1992-ல் வந்தது. காலணி போட்டு வளர்ந்த குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம். போடாமல் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். அதிலும் விரல்களை மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அதிகம். மூன்று வருடம் கழித்து 1,846 பெரியவர்களிடம் நடத்திய அடுத்த ஆய்விலும் அதே போக்கு. ஆறு வயதுக்கு முன்பே காலணி போடத் தொடங்கியவர்களில் 3.24 சதவீதம், 16 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் 1.75 சதவீதம்.

பாத வளைவு என்பது எலும்பு மட்டுமல்ல, தசை. மணலிலும் கரட்டிலும் ஓடும்போது விரல்கள் கவ்வி, விரிந்து, அந்தச் சின்னத் தசைகள் வலுவாகின்றன. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை இறுக்கிய கறுப்பு ஷூவுக்குள் அந்தப் பயிற்சி கிடையாது. இதனால் பதறவும் வேண்டாம்: வலியில்லாத தட்டைப் பாதம் நோயல்ல, சின்னக் குழந்தைகளுக்கு அது இயல்பு.

‘அப்போ செருப்பே வேண்டாமா?’ என்று கிளம்பிவிடாதீர்கள். வெறுங்காலின் விலை தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரியும். மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து ஏறும் கொக்கிப் புழு எத்தனை தலைமுறைக் குழந்தைகளின் ரத்தத்தைக் குடித்திருக்கிறது! முள் குத்திய காயத்தில் பூஞ்சை புகுந்து பாதத்தையே வீங்கவைக்கும் ஒரு நோய்க்கு உலக மருத்துவ நூல்களில் ‘மதுரைப் பாதம்’ என்றே பெயர். 1842-ல் மதுரையில் கில் என்ற மருத்துவர் முதலில் பதிவு செய்தது. வெறுங்காலோடு வயலில் நின்றவர்களின் நோய் அது. அரசுப் பள்ளியில் விலையில்லாக் காலணி கொடுப்பதன் அருமை அந்தக் கதை தெரிந்தவர்களுக்குப் புரியும். குழந்தைக்குத் தேவை இரண்டும்தான்: வெளியில் காலணி, வீட்டிலும் சுத்தமான மணலிலும் வெறுங்கால்.

வேலூர் தந்த செருப்பு

இப்போது அந்த ஆயாவிடம் திரும்புவோம். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 10.1 கோடி பேர். நெடுநாள் சர்க்கரை பலருக்குப் பாத நரம்புகளை மழுங்கடிக்கிறது. முதலில் எரிச்சல், பிறகு பஞ்சின் மேல் நிற்பது போன்ற உணர்வு, பிறகு ஒன்றுமே இல்லை. ‘எரிச்சல் நின்னுடுச்சு, சரியாயிடுச்சு’ என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். அதுதான் மோசமான கட்டம்.

வலி தெரியாத காலை எப்படிக் காப்பது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த இடங்களில் முக்கியமானது, திருத்தணியிலிருந்து பஸ்ஸில் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய வேலூர். 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் ‘நோயால் அழுகி விழுவதில்லை’ என்று கண்டார். உணர்ச்சி இல்லாததால் அடிபட்டு, சுட்டு, அழுந்தி, காயத்தின் மேலேயே நடந்து நடந்து அவை அழிகின்றன. அப்படியானால் காயமே வராமல் தடுத்தால் பாதம் பிழைக்கும். வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அதற்காகவே நுண்துளை ரப்பர் போட்ட செருப்பை உருவாக்கிப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் குதிகால் வலி என்று போனாலே டாக்டர் சொல்லும் ‘எம்.சி.ஆர். செருப்பு’ அதன் வாரிசுதான். எத்தனையோ பேர் போட்டிருக்கிறோம். அது எவருடைய பாதத்துக்காகப் பிறந்தது என்பது மட்டும் தெரியாது.

மென்மை ஆபத்து என்று சொல்லிவிட்டு இப்போது மென்மையான செருப்பைப் புகழ்வதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. சரியான எம்.சி.ஆர். செருப்பில் மென்மை பாதம் படும் மேலடுக்கில் மட்டும்தான். அடியில் கெட்டி ரப்பர், பின்னால் வார், விரலிடுக்கை அறுக்காத முன்பட்டை. அழுத்தினால் அமுங்கி, விட்டதும் நிமிர வேண்டும். முழுக்க முழுக்கப் பஞ்சாக இருக்கும் ஒன்றின் மேல் அந்தப் பெயரை ஒட்டி விற்றால் அது எம்.சி.ஆர். ஆகிவிடாது.

கோயிலில் என்ன செய்வது? உச்சி வெயிலில் கருங்கல் தகிக்கும். வெறுங்காலோடு சுடுகல்லில் நடந்து, கொப்புளம் கிளம்பிய பிறகே தெரிந்து ஆஸ்பத்திரிக்கு வரும் சர்க்கரை நோயாளிகள் இந்திய மருத்துவர்களுக்குப் புதியவர்கள் அல்ல. விடிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ ஏறலாம். மலை மேல் வரை வண்டிப் பாதை இருக்கிறது. கால் மரத்தவர் அதில் போவதை முருகன் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். தடித்த பருத்திக் காலுறையோடு படி ஏறலாமா என்று கோயில் ஊழியரைக் கேட்டுக்கொள்ளலாம். சொரசொரப்பான கல்லில் அது சறுக்காது, ஈரமானால் மட்டும் கழற்றிவிட வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் தடுமாற்றம் அதிகம், ஒரு கை பக்கச் சுவரிலோ கூட வருபவர் தோளிலோ இருக்கட்டும். வீட்டுக்குப் போனதும் யாராவது ஒருவர் அந்தப் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தனியாக இருந்தால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். வருடத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் நைலான் இழையால் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளச் சில நிமிடம் போதும்.

நின்றே தீரும் வேலைகள்

கோயிலுக்கு வருபவர்கள் அரை நாள் நிற்கிறார்கள். அடிவாரத்தில் பூக்கடை, தேங்காய்க் கடை, டீக்கடையில் இருப்பவர்கள் ஆயுள் முழுக்க நிற்கிறார்கள். திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி வட்டாரத்து விசைத்தறிகளில் ஷிப்ட் முடியும் வரை தறிகளுக்கு நடுவே நின்று நடந்தபடிதான் வேலை. ஜவுளிக்கடைப் பெண்களைச் சொல்லவே வேண்டாம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு பத்து மணி நேரம்!

இங்கே செருப்பால் மட்டும் தீராது. அசையாமல் நிற்கும்போது ஆடுசதை ரத்தத்தை மேலே தள்ளும் வேலையைச் செய்வதில்லை. ரத்தம் காலிலேயே தங்கி, வீக்கமும் நரம்புச் சுருளும் வருகின்றன. கோழிக்கோட்டில் பி.விஜி முன்னின்று நடத்திய ‘பெண்கூட்டு’ அமைப்பு ஜவுளிக்கடைப் பெண்களுக்காக ‘உட்காரும் உரிமை’ கேட்டுப் போராடியது. கேரளம் 2018-ல் அதைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-ல் 1947-ம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்றது. சட்டம் வந்து வருடங்கள் ஆகின்றன. ஸ்டூலும் வந்திருக்கிறது, பல கடைகளில். அதில் உட்காரத்தான் இன்னும் சூபர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது! வாடிக்கையாளர் வந்தால் எழுந்து நிற்பது மரியாதை, சரி. யாருமே இல்லாத மத்தியான நேரத்தில் நிற்பது யாருக்கு மரியாதை?

நின்றே ஆக வேண்டியவர்களுக்கு ஒரு சின்ன வழி உண்டு. அரை அடிக்குள் உயரமான ஒரு பலகையைக் காலடியில் போட்டு, ஒரு காலை அதன் மேல் வைத்து, பத்து நிமிடத்துக்கொரு முறை காலை மாற்றினால் இடுப்பின் பாரம் குறையும். சமையல் மேடை முன் நிற்பவர்களுக்கும் இதேதான். குதிகாலை மெல்லத் தூக்கித் தூக்கி இறக்குவது ஆடுசதையை வேலை செய்யவைக்கும். கெட்டித் தரையில் ஒரு ரப்பர் பாய் விரித்தாலே சாயந்திரம் வித்தியாசம் தெரியும்.

செருப்பு வாங்குவதென்றால் சாயந்திரம் போங்கள், பாதம் அப்போதுதான் முழு அளவில் இருக்கும். நின்றபடி போட்டுப் பாருங்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது, பெரிய காலுக்கு வாங்குங்கள். ஷூவை வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் வேண்டாம். அகலம்தான் நமக்கு எப்போதும் உதைக்கும். சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. நம் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலம் என்பது அதில் தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்து அளவில் அகலம் பத்தாமல் நாம் ஒரு நம்பர் பெரிதாக வாங்குகிறோம். நீளம் மிச்சமாகி, குதிகால் வழுக்கி, முனை தடுக்குகிறது. பாரதத்தின் முதல் எழுத்தை வைத்து ‘பா’ என்ற பெயரில் எட்டே அளவுகளில் இந்தியப் பாதத்துக்கென்று ஒரு முறையை அந்த நிறுவனம் முன்வைத்திருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நம் காலுக்கென்று ஓர் அளவு யோசிக்க இத்தனை காலம் ஆனது!

மலையிறங்கி வந்தவர்கள் மறுபடி அந்தக் குவியலுக்கு வருகிறார்கள். ஆயா தன் ஜோடியைக் கண்டுபிடித்து, ஒற்றைக் காலில் நின்றபடி மற்ற காலை நுழைக்கப் பார்க்கிறார். உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது.

“ஏ ஆயா, இரு இரு. அந்தத் திண்ணைல உக்காரு. நான் போட்டுவிடறேன்.”

“உனக்கு எதுக்குடா கண்ணு…”

“உக்காரேன்! அடிக்காலையும் ஒரு தரம் பார்த்துடறேன். இன்னாது இது, இவ்ளோ செவந்து கெடக்கு?”

“அதுவா? எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“தெரியலன்னுதான் பார்க்கறேன். இப்படியே ஆட்டோல டாக்டர்கிட்ட போயிட்டு அப்புறம் வூட்டுக்குப் போலாம், வா.”